அரசு ஒழித்த பட்டங்கள்: லேக் கார்டன்ஸ் முகவரியில் தொடரும் 'பிரின்ஸ்'

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதிக்கு வழி கேட்பவர் ஓர் இளவரசரின் பெயரைக் கேட்காமல் திரும்புவது அரிது. குடியிருப்பின் தெற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் முதன்மைச் சாலைக்கு பிரின்ஸ் அன்வர் ஷா சாலை என்று பெயர். இன்றைய வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த அந்தச் சாலை, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் வழித்தோன்றல் ஒருவரின் நினைவாகப் பெயர் பெற்றது. நாட்டில் அரச பட்டங்களுக்கான அங்கீகாரம் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் கடிதங்களிலும் வங்கிப் படிவங்களிலும் 'பிரின்ஸ்' என்ற சொல் நாள்தோறும் எழுதப்படுகிறது.

பட்டங்களை யார் தரலாம், யார் பறிக்கலாம் என்ற கேள்வி 2025 அக்டோபரில் இரு நாடுகளில் ஒரே நேரத்தில் எழுந்தது. பிரிட்டனில் மன்னர் சார்லஸ் தம் தம்பி ஆண்ட்ரூவின் இளவரசர் பட்டத்தைத் திரும்பப் பெறும் நடைமுறையைத் தொடங்கினார். அதே மாதத்தில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், ஜெய்ப்பூரின் முன்னாள் அரச குடும்பத்தினர் தொடுத்திருந்த வீட்டு வரி வழக்கில், மனுதாரர் பெயர்களுக்கு முன்னால் இருந்த அரச அடைமொழிகளை நீக்கி மனுவைத் திருத்துமாறு உத்தரவிட்டது. அங்கே பட்டம் தந்த அதிகாரமே அதை எடுத்துக்கொண்டது. இங்கோ சட்டப்படி இல்லாத ஒன்றை நீக்கச் சொல்ல நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

இந்த வேறுபாட்டின் வேரைத் தேடினால், லேக் கார்டன்ஸிலிருந்து வேலூர்க் கோட்டைக்குச் செல்ல வேண்டும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பின் அவருடைய மகன்களும் குடும்பத்தினரும் வேலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, திப்புவின் கொடியை ஏற்றினர். ஒரே நாளில் அந்தப் புரட்சி அடக்கப்பட்டது. திப்புவின் வாரிசுகள் தென்னிந்தியாவில் இருப்பதே ஆபத்து என்று கருதிய கம்பெனி, அவர்களைக் கடல் கடந்து கல்கத்தாவுக்கு அனுப்பியது. நகரின் தெற்கே, டோலிகஞ்ச் வட்டாரத்தில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். லேக் கார்டன்ஸ் அதற்கு அடுத்த பகுதிதான்.

நாடு போயிற்று, ஓய்வூதியமும் 'பிரின்ஸ்' என்ற அடைமொழியும் கிடைத்தன. திப்பு தம் மகனை அழைக்க ஆங்கிலச் சொல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. கல்கத்தாவில் அச்சொல் கம்பெனியின் கணக்கேட்டில் ஓய்வூதியம் பெறுவோரைக் குறிக்கும் அடையாளமாயிற்று. திப்புவின் இளைய மகன் குலாம் முகமது 1842-இல் தர்மதலாவில் கட்டிய மசூதி இன்றும் நகரின் அடையாளங்களுள் ஒன்று. அவருக்கு முதுமையில் பிரிட்டிஷ் அரசின் 'சர்' பட்டமும் வழங்கப்பட்டது. தந்தையைப் போரில் கொன்ற அரசிடமிருந்தே மகன் வீரப்பட்டம் பெற்றார் என்பதில், அந்தக் காலத்துப் பட்டங்களின் பயன் என்ன என்பது விளங்கிவிடும்.

ஆட்சியை எடுத்துக்கொண்டு அடைமொழியைக் கொடுக்கும் இந்த வணிகத்துக்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. கர்நாடக நவாப் 1855-இல் வாரிசின்றி இறந்ததும் நவாப் பதவியைப் பிரிட்டிஷார் ஒழித்தனர். அவருடைய சிற்றப்பா அசிம் ஜாவுக்குப் பின்னர் விக்டோரியா மகாராணியின் பட்டயத்தால் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டமும் பரம்பரை ஓய்வூதியமும் தரப்பட்டன. நிலமும் வணிகமும் உடையவர்களுக்கு வேறு வகைப் பட்டங்கள் இருந்தன. அண்ணாமலை செட்டியாருக்கு 1929-இல் பரம்பரை 'ராஜா' பட்டம் கிடைத்தது. சென்னையின் ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிப்போர் அதை இன்றும் முகவரியில் எழுதுகின்றனர்.

பட்டத்தை மறுத்தவர்களும் இருந்தனர். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919-இல் ரவீந்திரநாத் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது பலரும் அறிந்த செய்தி. அதற்கு ஓராண்டு முன்பே சென்னையில் எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் பிரிட்டிஷ் பட்டங்களைத் திருப்பியளித்தார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, இராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்று விதித்தது. தடை அரசின் கைக்குத்தான். குடிமகன் தன் பெயருக்கு முன்னால் எதை எழுதிக்கொள்கிறான் என்பது குறித்து அப்பிரிவில் தண்டனை ஏதும் இல்லை. அதே அரசமைப்பு, இந்தியாவோடு இணைந்த மன்னர்களுக்கு மானியத்தையும் தனிச் சலுகைகளையும் உறுதியளித்தது. ஒரு பக்கத்தில் பட்டம் இல்லை, மறுபக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட மன்னர்கள் என்ற இந்த முரண் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1970-இல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த மன்னர் மானிய ஒழிப்பு மசோதா, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை மயிரிழையில் தவறவிட்டது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணையால் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. மாதவ ராவ் சிந்தியா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை 1970 டிசம்பர் 15 அன்று செல்லாததாக்கியது. தேர்தலில் பெரும் வெற்றி பெற்றுத் திரும்பிய அரசு, 1971 டிசம்பர் இறுதியில் 26-ஆவது திருத்தத்தின் மூலம் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒருசேர முடித்துவைத்தது.

ஆனால் அத்திருத்தம் தொட்டது இணைப்பு ஒப்பந்தம் செய்த 'ஆட்சியாளர்களை' மட்டுமே. ஆளும் நாடே இல்லாத ஆற்காடு இளவரசர் அந்த வரையறைக்குள் வரவில்லை. அதனால் சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் அந்தப் பட்டமும் ஓய்வூதியமும் இன்றளவும் தொடர்கின்றன. ஒப்பந்தம் செய்த மன்னர்களின் பட்டங்கள் போயின. ஆட்சியை முன்பே இழந்தவரின் பட்டம் தப்பியது. சட்டத்தில் இதற்கு விளக்கம் உண்டு. சமத்துவத்தின் பெயரால் செய்யப்பட்ட திருத்தம் என்று பார்த்தால் விளக்கம் கடினம்.

அரசு தரும் விருதுகளும் இந்தச் சர்ச்சையிலிருந்து தப்பவில்லை. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பெயரின் முன்னோ பின்னோ அவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறியது. திரைப்படச் சுவரொட்டிகளும் விழா அழைப்பிதழ்களும் அத்தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் அணுகுமுறைகள் வேறுபடுகின்றன. ஆஸ்திரியா 1919-இல் பிரபுப் பட்டங்களை ஒழித்ததோடு அவற்றைப் பயன்படுத்துவதையும் குற்றமாக்கியது. அங்கு அன்று விதிக்கப்பட்ட 20,000 குரோனன் அபராதம், நாணயங்கள் மாறி மாறி, யூரோ கணக்கில் சில சென்ட்டுகளாகச் சுருங்கியது தனிக் கதை. எனினும் ஆஸ்திரியப் பெண் ஒருவரின் பெயரிலிருந்து 'இளவரசி' என்ற பொருளுடைய சொல்லைப் பதிவேட்டிலிருந்து நீக்கியதை ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியோ 1919 அரசமைப்பிலேயே பட்டத்தைக் குடும்பப் பெயரின் ஒரு பகுதியாக்கிவிட்டது. சலுகை போனது, சொல் நின்றது. விளைவாக, வயது வந்தவரைத் தத்தெடுப்பதன் மூலம் அங்கே பிரபுப் பெயர்கள் கைமாறின. பிரிட்டனில் 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் தவிர மற்றோர் பிரபுக்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எஞ்சியோரையும் நீக்கும் மசோதா 2024-இல் அறிமுகமானது.

இந்தியா இவற்றில் எதையும் முழுமையாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் முன்னாள் அரச குடும்பங்களில் செல்வமும் அரசியல் செல்வாக்கும் எஞ்சியவர்களுக்கு அடைமொழி தேர்தல் மேடையிலும் அரண்மனை விடுதிகளின் விளம்பரத்திலும் பயன்படுகிறது. கொல்கத்தாவில் திப்புவின் வழித்தோன்றல்களில் சிலர் எளிய வேலைகளில் காலம் தள்ளுவதாக ஊடகங்களில் பலமுறை செய்தி வந்துள்ளது. அவர்களுக்கு அடைமொழியால் ஒரு நன்மையும் இல்லை.

பெயர் மாற்றத்துக்குத் தயங்கும் நகரமும் அன்று கொல்கத்தா. டல்ஹவுசி சதுக்கம் மூன்று புரட்சியாளர்களின் பெயரால் பினய்-பாதல்-தினேஷ் பாக் ஆனது. ஹாரிங்டன் தெரு ஹோ சி மின் சாலை ஆனது. லேக் கார்டன்ஸின் தெற்கு எல்லையில் உள்ள பெயர்ப் பலகையில் மட்டும் 'பிரின்ஸ்' அப்படியே இருக்கிறது.