புட்டியில் எழுதிய பெயரும் எழுதாத பெயரும்

ஒரு மண்ணுக்குப் பெயர் வைப்பது எளிது. அந்தப் பெயரை எழுநூறு ஆண்டுகள் காப்பாற்றுவது அரிது. சென்ற ஆண்டு செப்டம்பரில் நானும் என் கணவரும் பிரான்சின் தென்மேற்கே உள்ள போர்தோ நகரிலும் அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களிலும் நான்கு நாள்கள் சுற்றிவிட்டு வந்தோம். தோட்டப்புறத்தில் பிறந்து இப்பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் என்ற முறையில், அங்கே கண்டவற்றை வைத்து நம் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

மதுத் தோட்டத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களைப் படுத்திய பாட்டை அறிந்தவர் அவர். கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடிய 1947ஆம் ஆண்டை மறந்தவர்கள் நாமும் அல்லர். அத்தை, நாங்கள் குடிக்கப் போகவில்லை, தோட்டம் பார்க்கப் போகிறோம் என்றேன். அரைமனத்தோடு சிரித்தார்.

பாரிசிலிருந்து அதிவிரைவு இரயிலில் போர்தோவுக்கு இரண்டு மணி நேரந்தான். கரோன் ஆறு பிறை நிலாவைப் போல் வளைந்து ஓட, அதன் கரையில் வெளிர்மஞ்சள் கல்லால் கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. முன்பு இவை புகை படிந்து கறுத்திருந்தனவாம். 1990களிலிருந்து சுவர்களைச் சுத்தம் செய்தார்கள்; ஆற்றை மறைத்த கிடங்குகளை அகற்றினார்கள்; 2003இல் டிராம் வண்டி விட்டார்கள். பழைய நகரின் அழகு கெடாமலிருக்க, அங்கே தலைக்கு மேல் மின்கம்பி இல்லாமல் தரையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறையைக் கையாண்டார்கள். 2006இல் பங்குச்சந்தைச் சதுக்கத்தின் எதிரே நீர்க்கண்ணாடி ஒன்றை அமைத்தார்கள். கல்தரையின் மேல் மெல்லிய நீர்ப்படலம். அதில் மாளிகை முழுவதும் தலைகீழாகத் தெரிகிறது. 2007இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பழையதை இடிக்காமலே ஒரு நகரம் புதிதாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மூன்றாம் நாள் செயிண்ட் எமிலியோன் என்ற சிற்றூருக்குப் போனோம். இரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே ஒரு தேவாலயத்தை உருவாக்கியிருக்கிறார்கள். 1289ஆம் ஆண்டு, அந்நாளில் இப்பகுதியை ஆண்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, எட்டு ஊர்களைச் சேர்த்து இதன் எல்லையை வரையறுத்தார். அந்த எல்லைக்கு உட்பட்ட நிலப்பரப்பைத்தான் யுனெஸ்கோ 1999இல் பட்டியலில் சேர்த்தது. 1936இலிருந்து செயிண்ட் எமிலியோன் என்ற பெயரைப் புட்டியில் போடச் சட்டம் காவல் நிற்கிறது. வரையறுத்த மண்ணில், விதித்த முறைப்படி விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். அதே மெர்லோ திராட்சையை வேறோர் ஊரில் நட்டுவிட்டு இந்தப் பெயரைப் போட முடியாது. இவற்றுக்கு மேல், ஒவ்வொரு தோட்டத்துக்கும், பெரும்பாலும் ஷாத்தோ என்று தொடங்கும், தனிப்பெயர் உண்டு. உரிமையாளர் மாறலாம், பெரிய காப்புறுதி நிறுவனம்கூடத் தோட்டத்தை வாங்கலாம். ஆனாலும், பெரும்பாலும் பெயர் நிலைத்து நிற்கிறது.

அது அறுவடைக் காலம். நாங்கள் சென்ற தோட்டத்தில் நிரை நிரையாகக் குனிந்து ஆள்கள் குலைகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்களோடு வட ஆப்பிரிக்க முகங்களும் தெரிந்தன. இவர்கள் இந்த ஊர்க்காரர்களா என்று என் கணவர் வழிகாட்டியிடம் கேட்டார். பருவத்துக்கு மட்டும் வருபவர்கள், குத்தகை நிறுவனம் அனுப்புகிறது, பெயர்கள் தனக்குத் தெரியாது என்றார் அவர். சற்று முன்புதான் அதே மனிதர் அந்தத் தோட்டத்தின் இருநூறு ஆண்டு உரிமையாளர்களை வரிசையாக ஒப்பித்திருந்தார். நிரை, கத்தி, கூடை, குனிந்த முதுகு. வேலைக்காட்டில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போர்தோவின் செல்வமும் இப்படித்தான் வந்தது. அந்த அழகிய மாளிகைகளில் பல 18ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. திராட்சை மதுவோடு, கரிபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் காப்பியும் அந்தப் பணத்தைக் கொண்டுவந்தன. போர்தோ கப்பல் முதலாளிகள் சுமார் 480 பயணங்களில் 120,000 முதல் 150,000 வரையிலான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கடத்திச் சென்றார்கள். சதுக்கத்து மாளிகைகளின் சன்னல் வளைவுகளை அண்ணாந்து பார்த்தால் ஆப்பிரிக்க முகங்கள் சிலவும் கல்லில் தெரியும்.

நீண்ட காலம் இதைப் பேசாமலிருந்த நகரம், இப்போது பேசத் தொடங்கியிருக்கிறது. 2009இல் அக்கித்தேன் அருங்காட்சியகம் அடிமை வாணிகத்துக்கென நிரந்தரக் காட்சிக்கூடங்களைத் திறந்தது. 2019இல் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணின் சிலையை நிறுவினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த அவரைப் போர்தோ வணிகர்கள் விலைக்கு வாங்கினார்கள். மோடெஸ்த் தெஸ்தாஸ் என்பது அடிமை வாழ்வில் வைத்த பெயர். தெஸ்தாஸ் என்பது வாங்கியவர்களின் குடும்பப் பெயர். பிறந்தபோது அவருக்கிருந்த பெயர் அல் புவெசி. பின்னாளில் அவருடைய பேரன் ஹைத்தி நாட்டின் அதிபரானார். அடிமை வணிகர்களின் பெயர் தாங்கிய தெருக்கள் சிலவற்றில், பெயரை அழிக்காமல், அவர் யார், என்ன செய்தார் என்று விளக்கும் பலகைகளையும் வைத்திருக்கிறார்கள். பழைய பெயரும் இருக்கட்டும், அதன் கீழே உண்மையும் இருக்கட்டும் என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். போர்தோவுக்கு வடகிழக்கே, கோஞ்ஞாக் மது விளையும் வட்டாரத்தில், பார்பெசியு என்றோர் ஊர். அங்கே 1879இல் பிறந்த ஹென்றி போக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து தோட்ட முதலாளியானார். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 1917இல் நம் நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை உருவாக்கியவர் அவரே. மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொங்கூர் பரிசு கிடைத்தது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். அந்த முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் பெயர் தெரியுமா? தென்னமரம். நம் தென்னை மரம் அந்தப் பெயரில் அப்படியே நிற்கிறது. போக்கோனியேவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அங்கே வேலை செய்த கைகளின் பெயர்களை எந்த நினைவுப் பலகையிலும் நான் கண்டதில்லை.

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. புதிய குடியிருப்புக்குப் புதிய பெயர். பல இடங்களில் பழைய பெயரை இன்று சுமந்து நிற்பது நம் தமிழ்ப்பள்ளி மட்டுமே. லாடாங் என்ற சொல் பள்ளியின் பெயர்ப்பலகையில் இருக்கும். சுற்றிப் பார்த்தால் ஒரு பால்மரம்கூட இருக்காது. அந்தப் பெயர் பட்டணத்துக்குப் பொருந்தவில்லை, மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர்தானே, அடிமைச் சின்னந்தானே என்றும் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களுடைய கோபத்தை மதிக்கிறேன். ஆனால் பெயரை அழித்தால் துரைக்கு ஒரு நட்டமும் இல்லை. அங்கே மூன்று தலைமுறை பால் வெட்டிய நம்மவரின் முகவரிதான் அழியும்.

மாணவ நண்பர்களே, இதற்குப் பெரிய நிதியோ அமைச்சரின் அனுமதியோ வேண்டா. அடுத்த பருவ விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் ஒரு மாலை உட்காருங்கள். தோட்டத்தின் பெயர் என்ன, நம்மவர்கள் அதை எப்படி அழைத்தார்கள், எந்த டிவிஷன், எத்தனை லயங்கள், பிரட்டு எத்தனை மணிக்கு, கங்காணி யார், பக்கத்து வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று கேளுங்கள். கோயிலும் பள்ளியும் ஸ்டோரும் கள்ளுக்கடையும் எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். வீட்டார் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நாடு விடுதலை பெற்ற 1957இல் பதினெட்டு வயதில் உளி பிடித்தவருக்கு இன்று எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. காலம் நமக்காகக் காத்திருக்காது.

திராட்சைக்காரர்கள் தோட்டத்தின் பெயரைக் காத்தார்கள். உழைத்தவரின் பெயரை எழுதத் தவறினார்கள். நம்மிடம் இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு இம்மலரில் ஐம்பது தோட்டங்களின் பெயர்களும், அவற்றின் கீழே அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களும் அச்சேறட்டும். முதல் பக்கத்தை என் தாயார் பிறந்த லயத்துக்காக ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஏதேனும் ஒரு மூலையில் இடம் கொடுங்கள், போதும்.