ஒழுக்கம் பற்றிய சண்டையும் நிறம் பற்றிய மௌனமும்

2016 சனவரி 26. அமெரிக்கக் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் அயோவா மாநிலத்தில் தொடங்க ஆறு நாட்களே இருந்தன. அன்று லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜெரி ஃபால்வெல் (இளையவர்), தன் ஆதரவு டொனால்ட் டிரம்புக்கே என்று அறிவித்தார்.

மதப் பழமைவாதிகள் இரண்டாகப் பிரிந்தனர். போதகரின் மகனான டெட் குரூஸ் அதே பல்கலைக்கழக மேடையில்தான் 2015 மார்ச்சில் தன் போட்டியை அறிவித்திருந்தார். அவரை விட்டுவிட்டு, மூன்று முறை மணம் முடித்த, சூதாட்ட விடுதிகள் நடத்திய ஒருவருக்கு ஆதரவா என்று பலர் கொதித்தனர். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் உயர்பொறுப்பில் இருந்த மார்க் டிமாஸ், டிரம்பின் வசை அரசியலுக்கும் கிறித்துவின் வழிக்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சில வாரங்களில் அவர் குழுவில் இல்லை. அக்டோபரில் மாணவர்களில் ஒரு பகுதியினரும் எதிர்ப்பு அறிக்கை வெளியிட்டனர்.

ஆதரித்தவர்களிடம் பதில் தயாராக இருந்தது. நாம் தேர்ந்தெடுப்பது அதிபரை, போதகரை அல்ல. 1980இல் ஞாயிறு பள்ளி ஆசிரியரான ஜிம்மி கார்ட்டரைத் தள்ளிவிட்டு, மணமுறிவு பெற்ற நடிகர் ரீகனை நம் முன்னோர் ஆதரிக்கவில்லையா?

இரு தரப்பும் பெரும்பாலும் மோதிக்கொண்டது ஒரு தனிமனிதனின் ஒழுக்கத்தைப் பற்றித்தான். மெக்சிகோவிலிருந்து வருபவர்களை வன்புணர்வாளர்கள் என்றும், முசுலிம்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்றும் பேசிய வேட்பாளர் அவர். அந்தப் பேச்சு எத்தனை பேருக்கு முதல் குற்றமாகப் பட்டது? தென்னகப் பாப்டிஸ்ட் சபையின் ரசல் மூர் போன்ற சிலர் அதைத் துணிவுடன் கண்டித்தார்கள். ஆனால் அவர்கள் சிறுபான்மையினர்.

காரணத்தை அந்த மேடையின் வரலாற்றில் தேட வேண்டும். லிபர்ட்டியை நிறுவிய ஜெரி ஃபால்வெல் (மூத்தவர்), 1958இல் பள்ளிகளில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாகப் படிப்பதை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர். 1965இல், மார்ட்டின் லூதர் கிங் கறுப்பர்களின் வாக்குரிமைக்காக செல்மாவில் நடந்தபோது, ஆன்மாக்களை மீட்பதே போதகரின் வேலை, அரசியல் அல்ல என்று உபதேசித்தார். 1967இல் அவர் தொடங்கிய பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கானது. பின்னாளில் நிறப் பிரிவினையைக் கைவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் கறுப்பர்களின் வாக்குக்காகப் போதகர் தெருவில் இறங்கக் கூடாது என்றவரே 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கி அரசியலில் இறங்கினார்.

இடையில் என்ன நடந்தது? கருக்கலைப்பு என்பார்கள். 1971இல் தென்னகப் பாப்டிஸ்ட் சபையே சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்துத் தீர்மானம் போட்டிருந்தது. அதே 1971இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு வேறு: நிறப் பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது. 1978இல் கார்ட்டர் அரசின் வரித்துறை அப்பள்ளிகள் மீது பிடியை இறுக்க முனைந்தது. அதுதான் தங்களைத் திரட்டியது என்று இந்த இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான பால் வேரிச்சே பின்னர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே 2016இல் ஃபால்வெல் தந்த ஆதரவை, தூய மரபிலிருந்து வழுவிய துரோகம் என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. வேர் இருந்த இடத்துக்கே கிளை திரும்பியது. அறிவிப்புக்கு எட்டு நாட்களுக்கு முன், சனவரி 18 அன்று, டிரம்ப் அதே பல்கலைக்கழகத்தில் பேசினார். அன்று மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள்.

அந்த நவம்பரில், வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி, வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் சுமார் 81 விழுக்காட்டினர் டிரம்புக்கு வாக்களித்தனர். அதே பைபிளை வாசிக்கும் கறுப்பினக் கிறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். வேதம் ஒன்றுதான். அதை யார் எங்கே நின்று வாசிக்கிறார் என்பது வேறு.

இது நமக்குப் புதிதல்ல. ஒரே பைபிளை வைத்துக்கொண்டு சாதிக்கொரு கல்லறை கட்டிய தேவாலயங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. மது, புகை, கற்பு பற்றி மணிக்கணக்கில் பேசும் மேடை, ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள சுவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏற்றத்தாழ்வைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்காமல் சாதியை ஒழிக்க முடியாது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதினார்.

மதத் தலைவர் ஒருவர் யாரையாவது ஆதரித்தால், 'இந்த வேட்பாளர் ஒழுக்கமானவரா?' என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. இந்த ஆதரவால் யாருடைய மேலாண்மை காக்கப்படுகிறது, யாருடைய கழுத்தில் கால் வைக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஒழுக்கம் பேசும் மேடைகள் தவிர்க்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.