ஆக்சிஜன் ஒதுக்கீடு: படுக்கைகளை எண்ணிய சூத்திரம் விட்டுவிட்டவர்கள்

புது டெல்லி: கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில், மருத்துவ ஆக்சிஜனை எந்த அளவுகோலின்படி மாநிலங்களுக்குப் பிரித்தளிப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மத்திய அரசிடம் ஒரு சூத்திரம் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒவ்வொரு படுக்கைக்கும் நிமிடத்துக்கு 24 லிட்டர். பிற படுக்கைகளில் பாதிக்கு மட்டும் நிமிடத்துக்கு 10 லிட்டர்.

நிர்வாகத்துக்கு வசதியான கணக்குதான். ஆனால், ஆம்புலன்ஸில் காத்திருந்தவர்களும், சிலிண்டர் தேடி வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களும் அதில் இடம்பெறவில்லை. படுக்கை வசதி குறைந்த மாநிலத்துக்கு இச்சூத்திரப்படி ஆக்சிஜனும் குறைவாகவே கிடைக்கும். பழைய பற்றாக்குறையே புதிய பற்றாக்குறைக்கு அளவுகோலாகிவிடும். சூத்திரத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கூறிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

அதற்குள் பங்கீடு நீதிமன்றங்களின் வழியே நடக்கத் தொடங்கியிருந்தது. டெல்லிக்கு நாள்தோறும் 700 டன் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்தின் 965 டன் ஒதுக்கீட்டை 1,200 டன்னாக உயர்த்துமாறு அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் இவ்வாறு உத்தரவிட்டால் விநியோகம் சீர்குலையும் என மத்திய அரசு வாதிட்டும், அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இவை உயிர் காக்கப் பிறந்த உத்தரவுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மொத்த இருப்பு உயராத நாளில், வழக்காடிய மாநிலத்துக்குக் கூடுதலாகச் செல்லும் ஒவ்வொரு டன்னும் வழக்காடாத மாநிலத்தின் பங்கிலிருந்தே வந்தாக வேண்டும்.

தொலைவும் சேர்ந்துகொண்டது. ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர், துர்காபூர் எனப் பெரிய உருக்காலைகள் கிழக்கில் உள்ளன. உற்பத்தி ஆலை இல்லாத டெல்லியோ வடக்கில். கிரையோஜெனிக் டேங்கர்களுக்கும் தட்டுப்பாடு நிலவியதால், காகிதத்தில் ஒதுக்கிய அளவு அன்றே வந்து சேரும் என்ற உறுதி இல்லை. 'ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்' ரயில்கள் இந்நெருக்கடியை ஓரளவு தணித்தன.

பிஎம் கேர்ஸ் நிதியில் 1,200-க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. உற்பத்தி குறித்த கேள்விக்கு இது விடை. ஒரே வென்டிலேட்டர் இருவருக்குத் தேவைப்படும்போது யாருக்கு என்பது வேறு கேள்வி. இத்தாலியின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் 2020 மார்ச் மாதத்திலேயே இதற்கு எழுத்துப்பூர்வ வழிகாட்டுதலை வெளியிட்டது. வயதை ஓர் அளவுகோலாக்கியதற்காகக் கடும் விமர்சனத்தையும் எதிர்கொண்டது. எழுதப்பட்ட விதி என்பதால்தான் அதை விமர்சிக்கவாவது முடிந்தது. இந்தியாவின் பல மருத்துவமனைகளில் அம்முடிவு இரவுப் பணியில் இருந்த மருத்துவரிடம் விடப்பட்டது. சில வேளைகளில், நோயாளியின் உறவினரது கைப்பேசியில் யாருடைய எண் இருந்தது என்பதிடமும்.