சோலார் நிறுவனம் பாதியில் விலகினால் வீட்டு உரிமையாளரின் நிலை என்ன?

பாலக்காடு: வீட்டுக் கூரையில் அமைக்கப்படும் சூரிய மின்தகடுகளுக்குப் பொதுவாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. ஆனால், அவற்றை அமைத்துத் தரும் நிறுவனம் அத்தனை காலம் அத்தொழிலில் நீடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வீட்டு இணைப்புகளை ஒரு நிறுவனம் திடீரென நிறுத்தினால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பது மேற்கூரை சூரிய மின்சக்தி வேகமாகப் பரவிவரும் கேரளத்தில் முக்கியமான கேள்வியாகும்.

தமிழக எல்லையான வாளையாற்றை அடுத்துள்ள கஞ்சிக்கோடு தொழிற்பகுதிக்கு இக்கேள்வி கூடுதலாகப் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாயின் கடும் கோடையில் மின்விசிறியும் ஏசியும் ஓயாமல் இயங்குவதால் மின்கட்டணம் உயர்கிறது. அதே கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் பலத்த காற்றும் வீசுகிறது. கேரளத்தின் தொடக்ககாலக் காற்றாலைகள் கஞ்சிக்கோட்டில் நிறுவப்பட்டதற்கும் அக்காற்றே காரணம். தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டமும் திருகுகளும் சரியாகப் பொருத்தப்பட்டனவா என்பதை இக்காற்று ஆண்டுதோறும் சோதிக்கும். அந்தப் பொருத்துதல் வேலைக்குப் பொறுப்பு உற்பத்தியாளருடையது அன்று. அமைத்துத் தந்த நிறுவனத்துடையது.

அமெரிக்க அனுபவம்

1985-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் சன்பவர் நிறுவனம், 2024 ஜூலையில் வீடுகளுக்கான புதிய குத்தகை ஒப்பந்தங்களையும் அவற்றுக்கான நிறுவல் பணிகளையும் நிறுத்தியது. ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அதன் சில பிரிவுகளை 4.5 கோடி டாலருக்கு வாங்கிய கம்ப்ளீட் சொலாரியா நிறுவனம், பின்னர் சன்பவர் என்ற பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆனால், பழைய வாடிக்கையாளர்களுக்கு முந்தைய நிறுவனம் அளித்த உத்தரவாதப் பொறுப்புகளை அது ஏற்கவில்லை. பெயர்ப்பலகை நீடித்தாலும் பொறுப்பு நீடிக்காது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எந்தக் கட்டத்தில் இழப்பு அதிகம்?

இந்தியாவில் பெரும்பாலான குடும்பங்கள் பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தின் வழியாகவே இதில் இறங்குகின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும்.

மானியம் முன்கூட்டியே வருவதில்லை. அமைப்பு நிறுவப்பட்டு, மின்வாரியம் ஆய்வு செய்து, நெட் மீட்டர் பொருத்தி, இயக்கச் சான்று பதிவான பிறகே அது நுகர்வோரின் வங்கிக் கணக்கில் சேரும். ஆகவே, முன்பணம் கட்டிய பின்னும் மீட்டர் பொருத்தும் முன்னும் உள்ள இடைப்பட்ட காலமே ஆபத்தானது. அப்போது நிறுவனம் விலகினால் கூரையில் மின்சாரம் இராது, கணக்கில் மானியம் இராது. வங்கிக் கடன் பெற்றிருந்தால் மாதத் தவணை மட்டும் தவறாமல் வரும்.

பணி முடிந்த வீடுகளில் பாதிப்பு மெதுவாகத் தெரியும். தகடுகள் தொடர்ந்து மின்சாரம் தரும். தகடு, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் அளித்த உத்தரவாதமும் செல்லும். ஆனால், அமைத்த நிறுவனம் ஐந்தாண்டு செய்து தர வேண்டிய பராமரிப்பு நின்றுவிடும். 2022-ல் வகுக்கப்பட்ட எளிய நடைமுறையில், பதிவுபெறும் நிறுவனம் மின்வாரியத்திடம் 2.5 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும் எனக் கூறப்பட்டது. அந்நிறுவனம் நூறு வீடுகளில் பணி செய்திருந்தால், வீட்டுக்கு 2,500 ரூபாய் வீதமே அது ஈடாகும்.

சட்டம் தரும் வழி

வீட்டுப் பிரிவை மட்டும் மூடிவிட்டு, தொழிற்சாலைகளுக்கான பணிகளைத் தொடரும் நிறுவனம் தன் பழைய ஒப்பந்தங்களிலிருந்து விடுபடுவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். கஞ்சிக்கோட்டில் வசிப்பவருக்குப் பாலக்காடு ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.

நிறுவனம் திவால் நடைமுறைக்குச் சென்றுவிட்டால் நிலைமை மாறும். அதற்கு எதிரான வழக்குகள் நிறுத்திவைக்கப்படும். பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்தவரும் கடன் கொடுத்தவராகக் கருதப்படலாம் என 2022-ல் ஹிட்ரோ எனர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், திவால் நடவடிக்கையைக் கோருவதற்குக் குறைந்தபட்ச நிலுவை ஒரு கோடி ரூபாய் என்பதால், தனி ஒரு குடும்பம் அதைத் தொடங்க இயலாது. பிறர் தொடங்கிய நடைமுறையில் உரிய கெடுவுக்குள் தன் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். நிறுவனம் கலைக்கப்பட்டால் தொழிலாளர்களும் அடமானம் பெற்ற வங்கிகளும் முன்வரிசையில் நிற்பார்கள். முன்பணம் கொடுத்தவர் பின்வரிசையில் காத்திருக்க வேண்டும்.

முன்னெச்சரிக்கையே காப்பு

சோலார் அமைத்துத் தருவதாகக் கூறிப் பணம் பெற்று ஏமாற்றியதாக 2013-ல் எழுந்த வழக்குகள் கேரள அரசியலையே உலுக்கின. அது மோசடிப் புகார். இங்கே பேசப்படுவது தொழில் முடக்கம். ஆயினும், பணம் கட்டியவர் கையில் எஞ்சுவது இரண்டிலும் ரசீது மட்டுமே.

எனவே, தொகையை ஒரே தவணையில் கொடுக்காமல், பொருள் இறங்கும்போது ஒரு பங்கு, நிறுவும்போது ஒரு பங்கு, நெட் மீட்டர் பொருத்திய பின் இறுதிப் பங்கு எனப் பிரித்துக் கொடுப்பது நல்லது. தகடு, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் வரிசை எண்களும் உத்தரவாத அட்டைகளும் வீட்டு உரிமையாளர் பெயரில் அவர் கையிலேயே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் கண்காணிப்புச் செயலியின் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற வேண்டும். இவை இருந்தால், வேறொரு நிறுவனம் வந்து பழுதுபார்க்க முடியும்.

மானியத்தை உயர்த்துவதால் மட்டும் மக்களின் நம்பிக்கை நிலைத்துவிடாது. நிறுவனம் அமைக்கும் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வங்கி உத்தரவாதத் தொகையும் உயர வேண்டும். அதுவரை, விலகிச் செல்லும் நிறுவனத்தின் சுமையைக் கூரைக்குக் கீழே வாழும் குடும்பமே சுமக்க நேரிடும்.