நூலகத்தில் கேம் விளையாடினால் என்ன தப்பு?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்த கதை இது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். அங்கே இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் மேலே பூப்போட்ட துணி. யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம் துணியை விலக்கிவிட்டு, விண்டோஸ் கூடவே வந்த செஸ் கேமைத் திறந்து உட்கார்ந்தேன். பத்து காய் நகர்த்தியிருப்பேன், அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, கேம் விளையாடுற இடமா இது? எந்திரி. விளையாடணும்னா வீட்டுல போய் விளையாடு."

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதன்பிறகு மூன்று வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மேஜையில் மரத்தாலான செஸ் போர்டை விரித்திருந்தால் அவரே பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரே கொண்டாடியது. 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் மறுபடி கொண்டாடினோம். அதே 64 கட்டம்தான். போர்டில் ஆடினால் பெருமை, திரையில் ஆடினால் வீண்வேலை. என்ன நியாயமோ!

இந்தச் சந்தேகம் கேமுக்கு மட்டும் வந்ததில்லை. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்க நூலகர்கள், பொதுப்பணத்தில் நாவல் வாங்கலாமா என்றே சண்டை போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்துவைத்துப் படித்த அப்பாக்கள் எத்தனை பேர்! இன்று அவர்களே பழைய முத்து காமிக்ஸைத் தேடி அலைகிறார்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம். வெளிநாட்டில் இதெல்லாம் எப்போதோ ஆரம்பித்தாயிற்று. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகர நூலகம் 2004-லேயே மரியோ கார்ட் போட்டி நடத்தியது. 2008-ல் அமெரிக்க நூலகச் சங்கம் நவம்பரில் ஒருநாளை நூலகங்களில் விளையாட்டு தினமாகவே அறிவித்தது. 2018-ல் ஹெல்சின்கியில் திறந்த ஊடி நூலகத்தில் கேம் ஆடத் தனி அறைகளே இருக்கின்றன.

இதை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம்: பிள்ளைகள் கேமுக்காக வருவார்கள், அப்படியே புத்தகமும் எடுப்பார்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. இது தூண்டிலில் புழு மாட்டுகிற வேலை. ஒரு பையன் வந்தான், ஆடினான், புத்தகம் எடுக்காமல் போனான் என்றால் திட்டம் தோல்வியா? தினமும் காலையில் பேப்பர் படிக்க மட்டும் வருகிற பெரியவரிடம், "ஐயா, ஏன் நாவல் எடுக்கலை?" என்று யாராவது கேட்கிறோமா?

காமர்ஸ் மாணவன் என்பதால் என் கணக்கு வேறு. தனித்தனியாக வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் பொது நூலகம். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் இதற்காகத்தான் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். வாடகை வீட்டுக்காரரும் வாடகை வழியாக அதில் ஒரு பங்கு கொடுக்கிறார். ஆனால் ஒரு கேமிங் கன்சோலின் விலை பல வீடுகளின் மாத வருமானத்தைவிட அதிகம்.

அது வாங்க முடியாத பிள்ளைகள் கேமே ஆடுவதில்லையா? ஆடுகிறார்கள். அம்மாவின் மொபைலில், "இலவச" கேம். நிமிஷத்துக்கொரு விளம்பரம், அடுத்த கட்டத்துக்குப் போகக் காசு. எது நல்லது என்று பொறுக்கித் தர யாரும் இல்லை. நல்ல கேம் வசதியுள்ள வீட்டுக்கு, வலை விரிக்கிற கேம் மற்ற எல்லாருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஓர் உதாரணம்: 'வெண்பா'. 2023-ல் வந்த கேம். 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லியும் பிரியாணியும் செய்யவேண்டும். 2024-ல் பாஃப்டா விருதே வாங்கியது. ஆனால் ஆட கன்சோலோ கம்ப்யூட்டரோ வேண்டும். நம் கதை, நம் சமையல், நம் பிள்ளைகளுக்கே எட்டவில்லை.

"முதலில் புத்தகம் வாங்கட்டும், அப்புறம் கேம்" என்பீர்கள். நியாயமான கேள்விதான். புத்தகக் காசில் கைவைக்கச் சொல்லவில்லை. துணி போர்த்திய கம்ப்யூட்டரிலிருந்தே ஆரம்பிக்கலாம். லிசெஸ் இலவசம், சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயமும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் கேம்களில் சிக்கல் உண்டு. ஆன்லைனில் வாங்குவது பெரும்பாலும் ஓர் ஆளின் கணக்குக்கான உரிமம்தான். அதை நூலகத்தில் வைக்கத் தனி அனுமதி கேட்கவேண்டும். அதை நூலகத்துறை கேட்கட்டும்.

சத்தம்? வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வன்முறை? கேம்களுக்கு வயதுக் குறியீடு இருக்கிறது. சூதாட்டம்? பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. ரம்மியையும் செஸ்ஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தவர் நம்ம ஊர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் சொன்ன ஐந்தாவது விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது. வளர்கிற ஒன்றின் மேல் எதற்குத் துணி?

போன மாதம் அந்தக் கிளை நூலகத்துக்குப் போனேன். துணி மாறியிருக்கிறது, கம்ப்யூட்டர் அதே மூலையில். வாசற்படியில் ஒரு பையன் மொபைலில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? பேசாமல் வந்துவிட்டேன்.

டிஸ்கி: இதை எழுதியவனுக்கு இன்றுவரை செஸ் சுமாராகத்தான் வரும். அந்த பத்தாவது காயோடு நின்றுபோனதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன் :-)