அறை வாடகை யார் தலையில்?

பெங்களூர் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மாலை 6 மணிக்கு ஒரு பாலிகிளினிக் வாசலில் நின்று பார்த்தால் போதும். சுவரில் ஒரு பலகை. அதில் பத்துப் பன்னிரண்டு டாக்டர்களின் பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிழமையும் நேரமும். தோல் டாக்டர் திங்கள், வியாழன் 6 முதல் 7 வரை. குழந்தை டாக்டர் தினமும் 7 முதல் 8 வரை. எலும்பு டாக்டர் சனிக்கிழமை மட்டும். உள்ளே இருப்பதோ இரண்டே அறைகள். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே நாற்காலியில் வந்து அமர்கிறார். மேஜையும் கட்டிலும் மாறுவதில்லை. டாக்டரின் கைப்பையும், வெளியே காத்திருக்கும் கூட்டமும்தான் மாறுகின்றன.

இந்த டாக்டர்களில் பலருக்கு அந்த இடம் சொந்தமும் அல்ல. மாத வாடகைக்கு எடுத்ததும் அல்ல. மணிக்கணக்கில் எடுத்த அறை அது. மருந்துக்கடையின் பின்கட்டில் திரை போட்டு ஒரு டாக்டரை உட்கார வைக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் பழையதுதான். இன்று அது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மேஜை, நாற்காலி, கட்டில், டோக்கன் கொடுக்க ஒரு பெண், டெலிபோன் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, "எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனைக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்று டாக்டர்களை அழைக்கிறார்கள்.

இது நல்லதா, கெட்டதா? நல்லது என்றே முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருந்தார். வீட்டின் முன்னறைதான் அவருக்கு கிளினிக். வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு கம்பவுண்டர், பாட்டிலில் காகிதப் பட்டை ஒட்டிய மிக்சர். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். அவர் போனபின் அவர் பிள்ளைகள் அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இன்று படித்து வெளியே வரும் இளைஞர் அதே தெருவில் ஒரு கடையளவு இடம் பிடிக்க வேண்டுமானால், பெங்களூர் வழக்கப்படி பத்து மாத வாடகையை முன்பணமாக எண்ணிவைக்க வேண்டும். மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் நோயாளி வாசலை மிதிப்பதற்கு முன்பே 3 லட்சம் ரூபாய் போய்விடும். மேஜை, கட்டில், மின்சாரம், உதவியாள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்று பத்தாண்டு படித்து, கல்விக் கடனையும் சுமந்துகொண்டிருப்பவருக்கு இது சுலபமா?

மணிக்கணக்கு அறையின் கணக்கு வேறு. மணிக்கு 300 ரூபாய், தினம் 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 15,000 ரூபாய். இடத்துக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீத வரி 2,700 சேரும். ஆக 17,700. (மற்ற வியாபாரிகள் கட்டிய வரியைத் தங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார்கள். வைத்திய சேவைக்கு வரி இல்லை என்பதால் டாக்டருக்குக் கழிக்கவும் வழியில்லை. இது பலர் கவனிக்காத விஷயம்.) பார்க்கும் கட்டணம் 400 ரூபாய் என்றால், தினம் இரண்டு நோயாளிகள் வந்தாலே அறை வாடகை தீர்ந்துவிடும். முன்பணமும் இல்லை, சரிப்படாவிட்டால் அடுத்த மாதமே விலகிக்கொள்ளலாம்.

இங்குள்ள தமிழர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிவாஜி நகரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் வயதான தாய்மார்கள் கடையில் கன்னடம் பேசுவார்கள், பேரம்கூடப் பேசுவார்கள். ஆனால் "நெஞ்சு கரிக்குது", "கை மதமதன்னு இருக்கு", "கண்ணுல பூச்சி பறக்குது" என்பதைத் தமிழில்தான் சொல்ல வரும். டாக்டர் வேறு மொழிக்காரராக இருந்தால் பேத்தி நடுவில் நின்று மொழிபெயர்க்கிறாள். பேத்தி முன்னால் சொல்லக் கூசும் நோய் சொல்லப்படாமலே போகிறது. தமிழ் தெரிந்த ஒரு பெண் டாக்டர் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் அந்தப் பகுதியில் வந்து உட்கார்ந்தாலும் அது பெரிய காரியம். ஒரு மணி நேரத்துக்காக யாரும் கடை பிடிக்க மாட்டார்கள். மணிக்கணக்கு அறை இருப்பதால்தான் அது நடக்கிறது.

ஆகவே முறையில் குற்றமில்லை. வாடகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்து வாங்கினால் அது வாடகை. பத்து நோயாளி வந்தாலும் ஒருவரே வந்தாலும் அதே தொகை. ஆனால் பல இடங்களில் பேச்சு அப்படி இருப்பதில்லை. "வாடகையே வேண்டாம் டாக்டர், வருகிற கட்டணத்தில் பங்கு கொடுங்கள்" என்கிறார் ஒருவர். "பங்கும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மட்டும் கீழே நம்ம ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர், அறை இலவசம், சீட்டு மட்டும் தன் கவுண்டருக்கு வந்தால் சரி. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. கையில் காசில்லாத இளம் டாக்டருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா?

ஆனால் இலவச அறை என்று உலகத்தில் ஒன்று உண்டா? கட்டடத்துக்காரருக்கு மின் கட்டணம் வருகிறது, சொத்து வரி வருகிறது. அதை யாராவது கட்டியாக வேண்டும். டாக்டர் கட்டாவிட்டால் நோயாளி கட்டுகிறார். ஒரு பரிசோதனை போதும் என்ற இடத்தில் மூன்று எழுதப்படுகிறது. பத்து நாள் கழித்து வரலாம் என்ற நோயாளி நான்காம் நாளே வரச் சொல்லப்படுகிறார். டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. இம்மாதம் கீழே எத்தனை சீட்டு போயிற்று என்று மாதக் கடைசியில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டால், அடுத்த மாதம் பேனா தானாகவே ஒரு வரி கூடுதலாக எழுதும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த தொழில் நெறி விதிகள், நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷனோ பரிசோ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கின்றன. வைத்தியக் கட்டணத்தைப் பங்கு போடுவதையும் தடுக்கின்றன. மருந்துக்கடையில் டாக்டர் தன் பெயர்ப்பலகையை மாட்டுவது முறையல்ல என்றுகூட அவற்றில் இருக்கிறது. கவுன்சிலுக்குப் பின் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் புதிய விதிகளை வெளியிட்டது. அதே மாதத்திலேயே அவற்றை நிறுத்திவைத்து, பழைய விதிகளையே மீண்டும் கைக்கொண்டது. இதில் ஒரு கோணல் இருக்கிறது. இந்த விதிகள் பதிவு பெற்ற டாக்டரைத்தான் கட்டும். அறையைக் கொடுத்து, சீட்டை எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூட முதலாளி டாக்டராக இல்லாவிட்டால், மருத்துவக் கவுன்சில் அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. நிபந்தனை போட்டவர் வெளியே, மாட்டிக்கொள்பவர் வாடகை கொடுக்க முடியாத இளைஞர்.

அறையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஒரே அறையில் 6 மணிக்கு நெஞ்சுநோய் டாக்டர், 7 மணிக்குக் குழந்தை டாக்டர் என்று பலகையில் எழுதியவருக்கு அது கால அட்டவணை மட்டும்தான். காசநோய் காற்றின் வழியே பரவுவது. தட்டம்மையோ அதைவிடக் கடுமையானது; அது கண்ட குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடும். ஜன்னலை மூடி ஏ.சி. போட்ட பத்துக்குப் பத்து அறையில், முந்தியவர் எழுந்த சூடு ஆறுமுன் ஆறு மாதக் குழந்தையோடு ஒரு தாய் நுழைகிறாள். முதல் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதே 9 மாதம் முடிந்த பிறகுதான். அந்தக் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு? செலவில்லாத பரிகாரம் இருக்கிறது. குழந்தை டாக்டரை முதலிலும் நெஞ்சுநோய் டாக்டரைக் கடைசியிலும் போடுவது, ஜன்னலைத் திறந்துவைப்பது, இரண்டு டாக்டர்களுக்கு நடுவே அரை மணி நேரம் அறையைக் காலியாக விடுவது. முதல் இரண்டும் சும்மா கிடைப்பவை. மூன்றாவதில் அரை மணி வாடகை நஷ்டம், அதனால்தான் நடப்பதில்லை. கைகழுவும் தொட்டி இல்லாத அறைகூட வாடகைக்குப் போகிறது. பலகைத் தடுப்புக்கு அப்பால் உள்ளவர்கள் காதில் விழும்படி ஒரு பெண் தன் மாதவிலக்குக் கோளாறைச் சொல்லவேண்டியிருக்கிறது.

7.55-க்கு ஒருவருக்கு ஊசி போடுகிறார்கள். 8 மணிக்கு டாக்டரின் நேரம் முடிந்து அவர் அடுத்த கிளினிக்குக்குக் கிளம்பிவிடுகிறார். 8.10-க்கு ஊசி போட்டுக்கொண்டவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறது. அறையில் இருப்பவர் கண் டாக்டர். அட்ரினலின் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அலமாரியில் இருக்கிறதா? வாடகை ஒப்பந்தத்தில் நாற்காலி எத்தனை, மின்விசிறி எத்தனை என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம். ஊசிகளும் பஞ்சும் சேரும் குப்பைக்கு மட்டும் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, இடத்தை நிர்வகிப்பவரே பொறுப்பு. படுக்கை இல்லாத சிறு கிளினிக்கும் அனுமதி பெற்றாக வேண்டும்.

நோயாளியின் பழைய விவரங்கள் எங்கே இருக்கும் என்பதும் பாதிப்பேருக்குத் தெரியாது. கிளினிக் பெயர் போட்ட சீட்டில் டாக்டர் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து அவர் வருவது நின்றுவிடுகிறது. "அந்த டாக்டர் இப்போ வர்றதில்லைம்மா" என்பதோடு வரவேற்பு மேஜையின் கடமை முடிந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை அளவை மாதாமாதம் மாற்றிவந்தவர் அவர். ஏன் மாற்றினார் என்பது அவர் பையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்த நோயாளியின் ஏடுகளை 3 ஆண்டு காக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அதே 2002 விதிகள் சொல்கின்றன. 3 ஆண்டுக் காவல் படுத்த நோயாளிக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இல்லை. மணிக்கணக்கு அறைக்கு வருபவர் எல்லோரும் பெஞ்சு நோயாளிகள்தான். பழைய சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுப் பரணில் பத்திரப்படுத்தும் நம் பாட்டிமார்தான் இன்றைக்கு அந்தப் பதிவேடு. அவர்கள் அதை விடாமல் செய்யட்டும்.

கர்நாடகத்தில் இதையெல்லாம் கேட்க அதிகாரம் உள்ள ஓர் இடம் இருக்கிறது. 2007-ம் ஆண்டு தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டப்படி கிளினிக், பாலிகிளினிக், ஆய்வுக்கூடம் எதுவானாலும் பதிவு பெற வேண்டும். கட்டண விவரத்தைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். 2017-ல் இந்தச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்து, நோயாளிகள் தெருவில் அலைந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதிவைப் பார்ப்பதும் புகாரைக் கேட்பதும் மாவட்ட அளவிலான அதிகாரிகளின் வேலை. பதிவுக்கு ஆயுள் 5 ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்க வரும்போது எத்தனை அறை, யார் யார் டாக்டர் என்று பார்ப்பதோடு, இன்னும் ஒரு காகிதத்தைக் கேட்கலாம்: ஒவ்வொரு டாக்டரோடும் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தத்தின் நகல். அதில் ஒரு மணிக்கு இத்தனை ரூபாய் என்று எழுதியிருந்தால் முத்திரை குத்தி அனுப்பலாம். தொகை எழுத வேண்டிய இடத்தில் சதவீதம் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தாலோ, அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அல்சூர் பலகையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு டாக்டர்களில் எத்தனை பேர் கடிகாரத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.