புண்ணாக்கைக் கூட்டினால் பால் கூடுமா?

கறவை குறைந்தால் நம் ஊர்களில் முதலில் கூடுவது புண்ணாக்கின் அளவுதான். பால் சங்கத்தில் ‘எஸ்.என்.எஃப்.’ (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைவு என்று சொன்னாலும் அதே வைத்தியம். புரதம் போனால் பால் வரும் என்ற இந்தக் கணக்கு பாதிதான் சரி.

மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதி நேராக மடிக்குப் போவதில்லை. அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்கி, அதைக் கொண்டே தாங்கள் பெருகுகின்றன. அவை குடலுக்கு இறங்கிச் செரிக்கும்போதுதான் மாட்டுக்குப் புரதம் சேர்கிறது. நுண்ணுயிர்கள் பெருக எரிசக்தி வேண்டும். தானியத்தின் மாவுச்சத்தும் பசும்புல்லும் அதைத் தருகின்றன. அது போதாவிட்டால் மிஞ்சிய அம்மோனியா கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் வெளியேறுகிறது. அந்த மாற்றத்துக்கும் மாட்டின் சக்திதான் செலவாகிறது. காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு இப்படித்தான் வீணாகிறது. எஸ்.என்.எஃப். குறைவதற்கும் பல நேரம் எரிசக்திப் பற்றாக்குறையே காரணம்.

மறுபக்கமும் உண்டு. வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். அதை மட்டுமே போட்டால் நுண்ணுயிர்கள் பெருகாது, வைக்கோலும் செரிக்காது, மாடு தின்பதே குறையும். எரிசக்திக்காகச் சோறும் கஞ்சியும் அளவின்றி வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. பால் ஏறும் வேகத்துக்குத் தீனி எடுப்பு ஏறாது. மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பால் தரும். அப்போது மெலிவு மிகுந்தால் சினைப்பருவமும் தள்ளிப்போகும்.

நூறு கிலோ அடர்தீவனத்தில் மக்காச்சோளம் அல்லது கம்பு 40, புண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ என்பது பொதுவாக ஏற்ற கலவை. கலப்பினப் பசுவுக்கு உடலைப் பேண நாளுக்கு ஒன்றரை கிலோ, அதன்மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்கிடலாம். 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஐந்தரை கிலோ ஆகும். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். பசுந்தீவனத்தில் கம்பு நேப்பியர் மூன்று பங்கென்றால் வேலிமசால் ஒரு பங்கு இருக்கட்டும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள்.

அடுத்த புண்ணாக்கு மூட்டை வாங்குமுன், தொட்டியில் தானியமும் பசும்புல்லும் போதுமான அளவு விழுகிறதா என்று பாருங்கள்.